கிளப் பழக்கம்

சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும் என்று அந்த வருடம் எனக்கு ஒரு வெறியே இருந்தது. ஊட்டியில் நடந்த மாவட்டச் செஸ் போட்டியில் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் போதும். கீழ் கோத்தகிரியில் ஒரு எஸ்டேட் ஆபீசில் நான் கிளார்க். எதிரே உட்கார்ந்தவருக்குக் குன்னூரில் பேங்க் வேலை. கை குலுக்கும்போது எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

அவர் ராஜா முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நான் ஒரு கட்டம் தள்ளினேன். பிரெஞ்சு டிஃபன்ஸ். புத்தகத்தில் எத்தனையோ ஓப்பனிங் இருந்தும் எனக்கு ஒத்துவந்தது இது ஒன்றுதான். எஸ்டேட் கிளப்பில் நாங்கள் ஆடியது நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும்.

நடுவில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றன. எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ராஜாவை ஓரமாக ஒதுக்கிப் பத்திரப்படுத்தும் காஸ்லிங் செய்ய வழி பண்ணிக்கொள்ளாமல், அவசரம் என்ன என்று இருந்தேன். பிஷப்பால் எனக்குச் செக் வைக்க அவருக்கு வழி திறந்தே கிடந்தது. வைக்கவில்லை. ஆள் கொஞ்சம் மந்தம் என்று முடிவுகட்டினேன்.

பிறகு அவருடைய யானையும் ராணியும் என் ராஜாவை நோக்கித் திரும்பின. நான் பதறாமல் ராஜாவை எடுத்துக் குதிரை மாதிரி ஒரு தாவு தாவ வைத்தேன். நடுவர் வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. ராஜா ஒருமுறை அப்படித் தாவலாம் என்பது எங்கள் கிளப் பழக்கம். அதற்குள் ஒரு செக் வாங்கிவிட்டால் தாவ முடியாது. செக் வாங்காததால் கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்றார் நடுவர். ராஜாவுக்கு இருந்தது ஒரே கட்டம், அதுவும் போனால் ஆபத்தான கட்டம். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

வெளியே டீக்கடையில் அவரே கூப்பிட்டு எனக்கும் டீ சொன்னார். தான் பிறந்து வளர்ந்தது இதே மலையில் நடுவட்டம் எஸ்டேட்டில் என்றும், அங்கேயும் அதே நாட்டு ஆட்டம்தான் என்றும் சொன்னார். பிஷப்பால் ஏன் செக் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"வேணும்னேதானுங்க வெக்கல. கீழ் கோத்தகிரின்னீங்க, அப்பவே தெரிஞ்சுது. செக் வெச்சிருந்தா, இனித் தாவ முடியாதுன்னு உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் செய்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாததால் இன்னும் எரிந்தது. சென்னைக்கு அவர் போனார். மலைக்குக் கீழேயிருந்து வந்த யாரிடமாவது தோற்றிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.