தாளில் இல்லாத லைன்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு வெளியே, ரேடியோ போர்டு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். செமோர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன். நீளமான பெல்ட்டின் ஓரமாகப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்போம். போர்டு நகர்ந்து வரும். ஆளுக்கு ஏழு சிறு உருப்படிகளைத் தன் தட்டிலிருந்து எடுத்து அதன் துளைகளில் சொருகி அடுத்தவளிடம் விட வேண்டும். யார் எதைச் சொருகுவது என்று இன்ஜினியர் ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். அவர் பினாங்கிலிருந்து வந்த சீன இளைஞர்; சிரித்துப் பார்த்ததில்லை.

எனக்கு முந்தைய இருக்கையில் தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து வரும் ஓர் அக்கா. குழந்தை பெற்றுத் திரும்பியதிலிருந்து அவருக்கு வலது மணிக்கட்டு வீங்கியே இருந்தது. ஏழாவது உருப்படிக்குள் போர்டு அவரைத் தாண்டிவிடும். சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். மூன்றாவது முறை என்றால் வீட்டுக்குத்தான்.

ஒரு திங்கட்கிழமை அவர் தட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்து நானே சொருகினேன்.

"வேணாம்லா, நீயும் மாட்டிக்குவ," என்றார், தலை நிமிராமல்.

"ஒன்னே ஒன்னுதானேக்கா. பரவால்ல."

ஒன்றுதான். ஆனால் எனக்கு எட்டாகிவிட்டது; மதியத்துக்குள் நான் திணறினேன். எனக்கு அடுத்திருந்த மலாய்ப் பெண் அதைக் கவனித்தாள். என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். அவள் தாமதித்தபோது அவளுக்கு அடுத்தவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்குள் தட்டுகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. அக்காவுக்கு நான்கு உருப்படிகள். லைனின் கடைசியில் தன் ஏழையும் சீக்கிரம் முடித்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்திருந்தவளுக்குப் பத்து. போர்டுகள் முன்பைவிடச் சீராகப் போயின.

அடுத்த வாரம் இன்ஜினியர் வந்து தாளையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சியாப்பா சுரோ?" யார் செய்யச் சொன்னது என்று மலாயில் கேட்டார்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குள் ஒரு தலைவி இருப்பதாகவும் அவளை மறைக்கிறோம் என்றும் நினைத்துவிட்டார். ஒவ்வொருத்தியாகத் தனி அறைக்குக் கூப்பிட்டார். பிறகு என் முறை வந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு முடியவில்லை, ஒன்று எடுத்தேன், அவ்வளவுதான் என்றேன். மற்றப் பதினொரு பேரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்களாம். பேசிவைத்த பொய் என்று அவர் நம்பினார்.

மறுநாள் தட்டுகள் தாளில் உள்ளபடி திரும்பின. இன்ஜினியர் எங்கள் பின்னால் நின்றுகொண்டார். அரை மணி நேரத்தில் அக்காவின் முன்னால் போர்டுகள் தேங்கின. பல்லைக் கடித்துக்கொண்டு சொருகினார், உதடு வெளுத்துவிட்டது. என் கை என்னை அறியாமல் அவர் தட்டுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அதே நேரத்தில் மலாய்ப் பெண்ணின் கை என் தட்டுக்கு வந்து நின்றது. இன்ஜினியர் அதைப் பார்த்தார். பெல்ட்டை நிறுத்தினார்.

"நேற்று மாதிரியே செய்யுங்கள்," என்று மலாயில் சொன்னார்.

அதன்பிறகு மூன்று நாள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நாங்கள் செய்வதை அப்படியே வரைந்தார். வரைந்து முடித்த அன்று ஒருத்தி விடுப்பு எடுத்தாள். எல்லாம் மறுபடி மாறிவிட்டது. அன்றுதான் அவர் சிரித்து முதல்முறையாகப் பார்த்தோம்.

அந்த வரைபடத்தைப் பக்கத்து லைன்களிலும் ஒட்டினார். அங்கே ஒரே குழப்பம். கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, "ஏன் அங்கே நடக்கவில்லை?" என்று உண்மையாகவே கேட்டார்.

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: "அவங்க தாளைப் பார்க்கிறாங்க. நாங்க பக்கத்து ஆளைப் பார்க்கிறோம்."

மறுவாரம் எல்லா லைன்களிலிருந்தும் தாள்கள் எடுக்கப்பட்டன. தட்டுகளை நகர்த்திக்கொள்ளலாம் என்று மட்டும் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தார்.

அக்காவின் கை குணமாக ஐந்து மாதமானது. அவர் எந்த நாளில் எங்களுக்குச் சமமாகச் செய்யத் தொடங்கினார் என்பது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.