மாமனாருக்கு எலும்பா?

கறி வெந்த தண்ணீரும் எலும்பு வெந்த தண்ணீரும் ஒன்றில்லை. இதை என் வீட்டுக்காரருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எழுபதுகளில் சங்கரன்கோவிலில் வாடகை வீட்டில் இருந்தோம். சொந்த ஊரான குருவிகுளத்தில் மழைக்குப் பிறகு காட்டில் விதைப்பைப் பார்க்கப் போன என் அப்பா, கரிசல் சகதியில் சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கட்டுப் போட்டு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு உடம்பெல்லாம் கூசும். வலி கொஞ்சம் அடங்கியதுமே, ஊருக்குப் பஸ் ஏற்றிவிடு என்று நச்சரிக்க ஆரம்பித்தார். அந்தக் காலோடு போனால் பிறகு ஒழுங்காக நடக்கவே மாட்டாரே என்று எனக்குக் கவலை.

நாக்குக்குப் பிடித்ததைக் கொடுத்தாவது நிறுத்திவைக்கலாம் என்று, சூப்புக்கு எலும்பு வாங்கிவரச் சொன்னேன். இவர் தொடைக்கறியாக வாங்கிவந்து நிற்கிறார்.

“ஏட்டி, மாமாவுக்குப் போயி எலும்பைக் கொடுக்கச் சொல்லுதியே, நாலு பேரு என்ன சொல்லுவாவ?”

மரியாதையாம்! அந்தக் கறியையே வேகவைத்து இறுத்தேன். வாசனை தூக்கத்தான் செய்தது. வாயில் வைத்தால் வெந்நீர். அப்பா ரெண்டு மடக்குக் குடித்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்றார்.

மறுபடி விரட்டினேன். முனங்கிக்கொண்டே போனவர் பை நிறைய மூட்டெலும்பு கொண்டுவந்தார். நல்லமிளகும் சின்ன உள்ளியும் தட்டிப் போட்டு, தீயைக் குறைத்து, மத்தியானம் வரை கொதிக்கவிட்டேன். எலும்பில் உள்ளது இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். உதடு ஒட்டுகிற சூப்பு அது. மிச்சம் மார்கழிக் குளிரில் நுங்கு மாதிரி உறைந்து கிடந்தது. அப்பா கும்பாவை வழித்துக் குடித்தார். ஆனாலும் மறுநாள் பஸ் பேச்சு திரும்ப வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பா வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, உங்க நாய்க்குன்னு நல்ல எலும்பா எடுத்து வச்சேன்” என்று என் வீட்டுக்காரரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டிவிட்டு, நாயைத் தேடி அங்குமிங்கும் பார்த்தார்.

எங்கள் வீட்டில் நாய் ஏது? மாமனாருக்கு என்று சொல்ல வெட்கப்பட்டுக் கடையில் ஒரு நாயை வளர்த்துவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்! இவர் முகம் செத்துப்போயிற்று. அப்பா இந்த நிமிஷமே கிளம்பிவிடுவார் என்று நான் பயந்தே போனேன்.

அப்பா பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“மாப்ள, கால் சரியாகுற வரைக்கும் அந்த நாய் இங்கனதான் கிடக்கும். அடுத்த வாரமும் வாங்கிட்டு வாங்க.”