மஞ்சள் மாத்திரையும் புஷ்பமும்

சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்து ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் புஷ்பத்துக்குப் பதினாறு வருஷ வேலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டி, குறை பார்த்து அனுப்ப வேண்டும். நாற்பத்திரண்டாம் வயதில் முடக்குவாதம் வந்து விரல் மூட்டெல்லாம் வீங்கியபோது, டாக்டர் ஜெரூஷா மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து. வாரத்தில் ஒரே நாள்தான், தப்பித் தவறியும் தினமும் கூடாது என்று நாலு முறை சொல்லி, சீட்டில் 'சனிக்கிழமை'யைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஆறு மஞ்சள் மாத்திரை. முழுங்கினால் ஞாயிறு முழுக்கக் குமட்டும். வாயில் துருவை நக்கிய ருசி. போகப் போக, முழுங்கும் முன்பே குமட்டியது. சாம்பாரைப் பார்த்தாலும் குமட்டியது. ஒருநாள் அவள் மேஜையில் நானூறு மஞ்சள் டி-ஷர்ட் வந்து இறங்கின. மூன்றாவதைப் பிரிக்கும்போதே குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தாள். பக்கத்து மேஜைக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாத்திரைகளைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அடுத்த வாரமும் அப்படியே. கணவன் சம்பத் கேட்டால், போட்டாச்சு என்பாள்.

மூன்று மாதத்தில் வீக்கம் முன்னைவிட மோசமானது. டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்து போதவில்லை போல, எட்டாகக் கூட்டலாம் என்று பேனாவை எடுத்தார். எட்டு என்றதும் புஷ்பத்துக்கு அங்கேயே ஓங்கரித்தது.

"நான் போடவே இல்ல டாக்டர். கக்கூஸ்ல கொட்டிட்டேன். பாத்தாலே அருவருப்பா கீது."

கூட வந்திருந்த சம்பத் அவள் பக்கம் திரும்பினான். டாக்டர் திட்டவில்லை.

"முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. குமட்டலுக்கு வழி இருக்கு. மருந்து கேக்கலன்னு நெனச்சு நான் கூட்டிக்கிட்டே போனா, அதுதான் ஆபத்து."

மாத்திரைக்குப் பதில் வாரம் ஒரு ஊசி என்றானது. பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறொரு நாளில். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் வந்தால் ஊசியைப் போடாமல் உடனே வந்து காட்ட வேண்டும். கேட்காமல் மெடிக்கலில் எதையும் வாங்கி விழுங்கக் கூடாது.

ஊசிக்கும் குமட்டியது, ஆனால் அரை நாளோடு சரி. ஸ்பிரிட் வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. நாலாவது மாதம் வீக்கம் வடிந்து, கத்தரியைப் பிடிக்க முடிந்தது. வலக்கை மோதிர விரல் மட்டும், மருந்தைக் கொட்டிய அந்த மூன்று மாதத்தில் வளைந்தது வளைந்ததுதான். சோறு பிசையும்போது அது கோணலாக ஒதுங்கி நிற்பதைப் பார்க்க அவளுக்கே சகிக்கவில்லை. இப்போதெல்லாம் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறாள்.