மச்சானுக்கு வாங்கிய விமானம்

அந்த விமானத்தின் இடது இறக்கை வலது இறக்கையைவிட ஒரு சீரக அளவு நீளமாக இருந்தது. சைக்கிள் கடைக்காரன் கண்ணுக்கு அது தப்புமா? இரண்டையும் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரனும் நம்ம ஊர் ஆள் மாதிரிதான் வேலை செய்கிறான் என்று சிரித்துக்கொண்டே அரத்தை எடுத்தேன். மரக்காணத்தில் எல்லாரும் சக்கரத்தின் கோட்டத்தை எடுக்க என்னிடம்தான் வருவார்கள். கோணலைப் பார்த்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. எண்பதுகளின் கடைசியில், என் அக்கா இறந்த ஐந்தாம் மாதத்தில் நடந்தது இது.

விமானம் அக்கா வீட்டுக்காரருக்காக வாங்கியது. அவரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். ஷார்ஜாவில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். மற்றவர்கள் டேப்ரெக்கார்டர், சென்ட், போர்வை என்று இறக்கும்போது இவர் கூடவே ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டுவருவார். உள்ளே நூறுக்குக் குறையாமல் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். ஒட்டினால் பழைய யுத்த விமானம் ஒன்று உருவாகும். அக்கா விளக்கத்தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு நம்பர் சொல்லுவாள், இவர் பிளேடால் வெட்டி ஒட்டுவார். "அவசரப்படாதீங்க, பேப்பர்ல என்ன போட்டிருக்கான்னு மொதல்ல பாக்கலாம்" என்று அவள் அதட்டுவது தெருவரை கேட்கும். இரண்டு பேரும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார்கள். குழந்தை இல்லாத வீடுதான், இருந்தும் அந்த இரண்டு மாதமும் அங்கே சத்தத்துக்குக் குறைவிருக்காது. இந்த உப்புக் காற்றில் துருப்பிடிக்காத சாமான் இது ஒன்றுதான் என்று மச்சான் விமானத்தைத் தூக்கிக் காட்டிப் பெருமைப்படுவார்.

அக்காவை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. காலையில் இறந்தாள், பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டோம். எங்களில் தாமதிப்பதில்லை. தந்தி கிடைத்து, டிக்கெட் கிடைத்து மச்சான் வந்து சேர நாலு நாளாயிற்று. அதற்குள் மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதும் முடிந்திருந்தது. பார்த்தால் தாங்கமாட்டார் என்று அக்காவின் புடவைகளை அம்மா ஏழைபாழைகளுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். அவள் படுத்திருந்த கட்டிலை நானே பிரித்துப் பரண்மேல் ஏற்றினேன். எல்லாம் அவர் நன்மைக்குத்தான் என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகு மச்சான் எங்களோடு தங்கினார். காலையில் டீ குடித்துவிட்டு உப்பளக் கரையில் போய் உட்கார்வார். பாத்தியில் பெண்கள் உப்பு வாருவதையும் கூடையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவதையும் வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் ஒரு வார்த்தை கிடையாது. ஆறு மாதம் ஷார்ஜாவை விட்டு வெளியில் இருந்தால் அவருடைய விசா செல்லாது. இன்னும் ஒன்றரை மாதம்தான் பாக்கி. அதை மட்டும் எப்படியாவது ஓட்டிவிட்டால் கடையை நானும் அவருமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அப்பா இல்லை, வேறு உடன்பிறப்பு இல்லை. அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தாலே அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள். மச்சானும் போய்விட்டால் அவளைப் பற்றிப் பேச எனக்கு ஆளே இருக்காது. அந்த பயத்தில்தான் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுத் திண்டிவனம் போய் பஸ் மாறி மெட்ராஸுக்குப் போனேன்.

பர்மா பஜாரில் வாட்ச்சுக்கும் கால்குலேட்டருக்கும் நடுவே ஒரு கடையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்று ஜெர்மன்காரன் விமானம், ஒன்று இங்கிலீஷ்காரனுடையது, மூன்றாவது இத்தாலிக்காரனுடையது. எனக்கு மூன்றும் ஒன்றுதான். "எதை முடிக்க ரொம்ப நாளாகும்?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் சீக்கிரம் முடியறதா கேப்பாங்க. நீங்க என்னா பாய் உல்ட்டாவா கேக்கறீங்க?" என்றார். அப்புறம் இத்தாலிப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். மூடியில் மணல் நிறத்தில் ஒரு விமானம், உடம்பெல்லாம் பச்சை வளையங்கள். "இந்த வளையத்தெல்லாம் ஒண்ணொண்ணா நீங்கதான் பிரஷ்ல போடணும். இடுப்பு ஒடிஞ்சிடும்" என்றார். வளையங்களை விரலால் எண்ணிப் பார்த்தேன், பாதியில் கணக்கு விட்டுப்போனது. அந்தச் சந்தோஷத்தில் அதையே வாங்கிக்கொண்டேன். ஒன்றரை மாதத்துக்கு அது தாராளமாகக் காணும் என்று திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நினைத்தேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஏம்பா, பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு நிக்கறவரு கையில துண்டு துண்டா கெடக்கிற சாமானையா குடுப்ப? முழுசா ஒண்ணு குடுக்க வக்கில்லையா நமக்கு?" என்றாள். எனக்கும் சுருக்கென்றது. சரி, உடம்பையும் இறக்கையையும் மட்டும் ஒட்டிவிடலாம், வளையங்களை அவருக்கு விட்டுவைக்கலாம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். மத்தியானத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். விளக்கத்தாளை நான் பிரிக்கவே இல்லை. சைக்கிளைக் கழற்றி மாட்டுகிறவனுக்குத் தாள் எதற்கு?

ஒட்டி முடித்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே ஒரு வளையம் போட்டுப் பார்ப்போம் என்று பிரஷைத் தொட்டேன். அவ்வளவுதான். எட்டு மத்தியானம் போனது எங்கே என்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வளையத்தை வரைந்து முடிக்கும் நேரத்தில் மனதில் வேறு எதுவும் இருக்காது. அக்கா இறந்த பிறகு அவள் இறந்ததை நான் மறந்திருந்த எட்டு நாள் அதுதான். அவருக்கென்று தேடி வாங்கிய மருந்தை நானே குடித்துத் தீர்த்துவிட்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் அதை மச்சான் முன்னால் வைத்தேன். அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது இறக்கை நுனியில் கட்டைவிரல் நின்றது.

"இது நீட்டமா இருந்திச்சா?"

"ஆமா மச்சான். கம்பெனிக்காரன் தப்பு. தேச்சு சமம் பண்ணிட்டேன்."

அவர் சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அது தப்பு இல்லப்பா. எஞ்சின் சுத்தற சுத்துல ப்ளேன் ஒரு பக்கமா சாயும். அத தாங்கறதுக்குத்தான் ஒரு ரெக்கைய நீட்டமா வச்சிருக்கான். பேப்பர்ல போட்டிருப்பானே" என்றார். அப்புறம், "உங்க அக்கா இருந்தா விட்டிருக்க மாட்டா" என்றார். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை சிரித்துவிட்டார், இனிமேல் போகமாட்டார் என்று அன்றைக்குச் சேமியா பாயசம் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து வந்து மச்சான் ஷார்ஜாவுக்குப் பெட்டி கட்டினார். பஸ் ஸ்டாண்டில் அவர் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். ஏன் போகிறீர்கள் என்று கேட்க தைரியம் இல்லை. அவராகவே சொன்னார்.

"உம்மேல எனக்குக் கோவம் இல்லப்பா. நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா இங்க எது என் கைக்கு வந்தாலும் முடிஞ்சி போயித்தான் வருது. நான் வந்தப்போ அவ இல்ல, பொடவ இல்ல, கட்டில்கூட இல்ல. எல்லாரும் மூணு பிடி மண்ணு போட்டீங்க, நான் ஒரு பிடி போடல. இதையாவது எனக்கு விட்டு வச்சிருக்கலாம்."

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது என் தோளைத் தட்டினார். பெட்டியை ஜன்னல் வழியாக அவரிடம் கொடுத்தேன்.

பல வருடம் கடிதம் வந்தது, எனக்குச் சட்டைத்துணி வந்தது, அம்மாவுக்கு மருந்து வந்தது. அவர் மட்டும் வரவில்லை. ஒரு நாள் கடைப் போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்து மச்சானோடு அறையில் தங்கியிருந்தவர் பேசினார், கடலூர்ப் பக்கத்து ஆள். முந்தின நாள் காலையில் மச்சானுக்கு நெஞ்சு வலி வந்ததாகவும் மத்தியானமே அங்கே அடக்கம் ஆகிவிட்டதாகவும் நிதானமாகச் சொன்னார். "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, இப்பவே செய்யறேன்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் பாய். உங்களுக்கு சிரமம் வேணாம்னு நாங்களே எல்லாத்தையும் முடிச்சிட்டோம்" என்றார். நல்ல மனிதர். அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கப்புறம் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.