எண்ணெய் முடியும் இடம்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். அம்மா நெஞ்சில் கை வைத்தார். அப்பா ரயில் என்ஜின்களைப் பழுதுபார்ப்பவர். தண்டவாளத்தில் ஓடாத எதையும் வண்டி என்று ஒத்துக்கொள்ளாதவர். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். ஒரு கலன் பெட்ரோலில், இருபது மைல் தொலைவிலுள்ள கிள்ளானுக்குப் போய்த் திரும்பினால் வண்டி வீட்டில் நிற்கலாம். இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும்.

விற்றுவிட்டால் நட்டம் எனக்குத்தான். வண்டியோடு ஒரு சைட்காரும் ஒட்டியிருந்தது. அது காலியாகப் போனால் வளைவுகளில் தூக்கும் என்பதால், எடைக்காக என்னை அதில் உட்காரவைப்பதாக மாமா சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத பதவி அது. அன்று முதல் வண்டி ஜெயிக்க வேண்டும் என்று பிள்ளையாரை விடாமல் நச்சரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பெட்ரோல் தாங்கியைக் காலி செய்து, ஒரு கலன் பெட்ரோலைத் துணியில் வடித்து ஊற்றினார். அவசரத்துக்கு என்று ஒரு போத்தல் பெட்ரோலை என் காலடியில் வைத்தார். பெட்டாலிங் ரப்பர் தோட்டங்களைத் தாண்டி, பத்து தீகா என்ற ஊரையும் தாண்டி, கோழிகளைச் சிதறடித்துக்கொண்டு பறந்தோம். கிள்ளானுக்குள் நுழைந்ததும் மாமா குனிந்து, என் பக்கமாகத் தாங்கியின் அடியில் கை வைத்தார். களைத்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல வண்டியைத் தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமியது, விக்கியது, ஒரு வீட்டின் வேலிப் படலைக்கு முன்னால் நின்றுவிட்டது.

அது அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி அண்மையில்தான் வந்திருந்த அவருடைய மகள் படலைக்கு வந்தாள்.

"கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமோ?" என்றார் மாமா.

மலாய்க்காரர் சமையல் எண்ணெய், பெட்ரோல் எல்லாவற்றையும் மின்யாக் என்பதுபோல, இங்கே வளர்ந்த நாங்களும் பெட்ரோலை எண்ணெய் என்றே சொல்லிப் பழகியிருந்தோம். புதிதாக வந்த அந்த அக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

"தலைக்கோ, சமையலுக்கோ?" என்று கேட்டாள்.

மாமா வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, "தலைக்கு" என்றார்.

கிண்ணத்தில் நல்லெண்ணெய் வந்தது. நடுத்தெருவில் நின்று மாமா அதைத் தலையில் தேய்த்துக்கொண்டார். அது கழுத்துப்பட்டிவரை வழிந்தது.

"மாமா, காலடியில போத்தல் இருக்கெல்லோ?" என்றேன்.

"அது கணக்கில சேராது. பேசாமல் இரு."

கடைசியில் அந்தப் போத்தலை ஊற்றி வீட்டுக்கு வந்து, தோல்விக்குக் காரணம் பெட்ரோல்தான் என்று மாமா அடித்துச் சொன்னார். இந்த என்ஜினுக்குத் தனிப் பெட்ரோல் ஒத்துவராதாம். மண்ணெண்ணெய் கலந்தால் தூரம் கூடுமாம். அடுத்த ஞாயிறு கலந்து ஊற்றினார். வழியெல்லாம் புகை. என்ஜினுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல ஓயாத சத்தம். ஆனாலும் கிள்ளான்வரை வந்துவிட்டோம். மாமா மறுபடியும் தட்டிக்கொடுத்தார். வண்டி அதே படலைக்கு முன்னால் நின்றது.

கரி அப்பிய மாமாவின் முகத்தைப் பார்த்து, "இண்டைக்கும் தலைக்கோ?" என்று கேட்டுவிட்டு அந்த அக்கா உள்ளே ஓடினாள். அவள் சிரித்த சத்தம் தெருவரை கேட்டது. முகம் கழுவத் தண்ணீரோடுதான் திரும்பி வந்தாள்.

அன்றிரவு சாப்பாட்டில் என்னால் பொறுக்க முடியவில்லை. வண்டிக்காக அப்பாவிடம் வாதாடினேன்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது, அப்பா. அந்த அக்கா வீட்டுக்குக் கிட்ட மாமா தட்டிக்கொடுத்தால் மட்டும்தான் நிக்குது."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவுக்குப் புரையேறியது.

"வாற ஞாயிறு நானும் வாறன்" என்றார் அப்பா.

அந்த ஞாயிறு அப்பா பட்டு வேட்டியும் சால்வையுமாகச் சைட்காரில் ஏறினார். நான் அவர் மடியில். அம்மா ஒரு சீப்பு வாழைப்பழமும் பலகாரப் பெட்டியும் தந்தனுப்பினார். எடைக்குத்தான் என்று எண்ணிக்கொண்டேன். சுத்தமான பெட்ரோல், வண்டி ஒருநாளும் ஓடாத ஓட்டம் ஓடியது. கிள்ளான் வந்தது. அப்பாவின் முழங்கால் இடித்ததால் மாமாவின் கை தாங்கிப் பக்கம் போகவே முடியவில்லை. படலை கிட்ட வருகிறது, வண்டி நிற்கிறதாக இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது அப்பா, நேரே பாதையைப் பார்த்தபடியே கையை நீட்டி, தாங்கியின் அடியில் இருந்த, பெட்ரோலை அடைக்கும் திருகைத் திருகினார். வண்டி இருமியது, விக்கியது, நின்றது.

"எண்ணெய் முடிஞ்சுபோச்சுப் போல கிடக்கு, தம்பி. இறங்கு, உள்ள போய்க் கேட்டுப் பார்ப்பம்."

மாமா அவசரமாக வண்டியை விட்டு இறங்கினார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"அப்பாதான் திருகினவர்! நான் கண்டனான்!" என்று கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு பழச்சீப்போடு உள்ளே போனார். நான் சைட்காரிலேயே உட்கார்ந்து, தோற்றுப்போன வண்டிக்காக அழுதேன். அந்த அக்கா வந்துதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திரும்பும்போது அப்பா தாங்கியைத் தட்டி, "நல்ல வண்டி. வீட்டில நிக்கட்டும்" என்றார். மாமா வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். பாதி வழியில் நின்றுபோன வண்டி எப்படி நல்ல வண்டி ஆனது என்று, அந்த அக்கா எனக்கு மாமியாக வந்து சேர்ந்த பிறகும் வெகுகாலம் எனக்கு விளங்கவே இல்லை.