சவரிமுத்து பட்டறைக்குப் பெரிய லேத்து வந்த நாள்

நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, இன்னொருவன் வந்து சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். பேய், முனி, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு ஓடி வந்தவனுக்குப் போகிற ஊரில் எல்லாம் யார் பாய் விரித்துக் கொடுத்தார்கள்? மழைக்காலத்தில் சுடுகாட்டுக் கொட்டகையில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். கூரை ஒழுகாது, போலீஸ்காரர் வந்து எழுப்ப மாட்டார், அவ்வளவுதான் விஷயம். ஒரு பேயும் வந்து என்னைத் தொட்டதில்லை. ஆனால் திண்டுக்கல்லில், பட்டப்பகலில், அத்தனை பேர் கூடி நிற்கும்போது நடந்ததை நான் என்னவென்று சொல்ல?

அப்போது எனக்குக் குரல் கொடுக்கிற வேலை. பெரிய பாரத்தைக் கயிறு கட்டி இழுக்கும்போது ஒருவன் முன்னால் நின்று பாட்டுப் போல ஒரு வரி சொல்ல வேண்டும், மற்றவர்கள் "ஐலசா" என்று சொல்லி அதே மூச்சில் சேர்ந்து இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர்கள் தலையைக் குனிந்திருப்பார்கள், பாரம் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதைப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். என் குரல் வராமல் கயிறு விரற்கடை அளவுகூட அசையக்கூடாது, குரல் வந்துவிட்டால் யாரும் யோசிக்கவும் கூடாது, இழுக்க வேண்டும். முன்பின் ஆனால் எவனுக்காவது கால் போய்விடும். தூத்துக்குடித் துறைமுகத்தில் கற்றுக்கொண்ட தொழில். தொண்டை இருந்தால் போதும்.

நாகல் நகரில் சவரிமுத்து என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தார். சித்தையன்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம், மண்ணை விட்டு இரும்புக்கு வந்தவர். கிணற்றுப் பம்பு, கரும்பு ஆட்டுகிற உருளை எல்லாம் ரிப்பேர் செய்வார். இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத்து ஒன்று அவரிடம் இருந்தது, ஆனால் சின்னது, பெரிய உருளை வந்தால் மதுரைக்கு அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கடலோரத்தில் கப்பல் ரிப்பேர் செய்த பழைய பட்டறை ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சும்மா பார்க்கத்தான் போனாராம். அங்கே வெள்ளைக்காரன் விட்டுப் போன லேத்து ஒன்று கோழி எச்சத்துக்கும் தூசிக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஊரில் இருந்த தோட்டத்தை விற்று அதை வாங்கிவிட்டார். இனி அந்த இரும்பு ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

கூட்ஸ் ஷெட்டில் அதை முதன்முதலாகப் பார்த்தேன் பாருங்கள், அடேயப்பா! எனக்குப் பாரம் என்றால் பாரம்தான், மூட்டையும் ஒன்றுதான், பாய்லரும் ஒன்றுதான். ஆனால் இதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். படுத்திருக்கிற யானை ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்றைப் படுக்க வைத்தது போல நீளம். தலைப் பாகத்தில் வேலையை மாட்டுகிற வட்டத் தட்டு, வண்டிச் சக்கரம் எல்லாம் அதன் முன்னால் பொம்மை, ஒரு ஆள் கையையும் காலையும் விரித்து அதில் நிற்கலாம். மேலே கறுப்பு கிரீஸ் அப்பிக் கிடந்தது. ஒரு விரலால் வழித்துப் பார்த்தேன், அடியில் இரும்பு புதுக் கண்ணாடி மாதிரி மின்னியது. உள்ளங்கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் கிடந்த இரும்பு சுட வேண்டும் அல்லவா? சுடவில்லை. மாட்டின் வயிற்றைத் தொட்டது போல வெதுவெதுப்பாக இருந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உருளைக் கட்டைகளைப் போட்டு வீதியில் இழுத்துக்கொண்டு போனோம். தேர் வருகிற மாதிரி கூட்டம். தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் போக வேண்டியவர்கள் வேலையை மறந்து கூடவே வந்தார்கள், பூக்கூடைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். "ஏலே, இது என்ன, ரயில் இஞ்சினா?" என்று ஒருவன் கத்தினான். கயிறு பிடித்திருந்த எங்கள் ஆள் சங்கிலி, குனிந்த தலை நிமிராமல், "இஞ்சினைப் பெத்த அப்பன்டா!" என்றான். நான் இருக்கிற உற்சாகத்தில் வரியை மாற்றி மாற்றிக் குரல் கொடுத்தேன். "கோட்டை மலையே!" "ஐலசா!" "கொஞ்சம் ஒதுங்கு!" "ஐலசா!" சவரிமுத்து முன்னால் ஓடுவார், பின்னால் ஓடுவார், குனிந்து அடியில் பார்ப்பார், தோள் துண்டால் அதன் முகத்தைத் துடைப்பார்.

பட்டறை வாசலில் அவர் மனைவி ஆரோக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டாளா என் சக்களத்தி? இவளை எங்க படுக்க வைக்கப் போறீக, என் அடுப்பங்கரையிலயா?"

"பொறு புள்ள, செவுரத்தானே இடிச்சிருக்கேன், வீட்டையா இடிச்சுப்புட்டேன்?"

"அதையும் இடிப்பீக. அவளுக்குக் கால் நீட்ட எடம் பத்தலைன்னா என்னைய ரோட்டுல படுக்கச் சொல்லுவீக."

எல்லோரும் சிரித்தார்கள், அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். ஆனால் மாரில் தொங்கிய சிலுவையை மட்டும் விரல் விடாமல் பிடித்திருந்தது.

உள்ளே லேத்தை உட்கார வைக்க ஆழமான குழி வெட்டி, அடியில் கான்கிரீட் போட்டு, போல்ட்டுகளை நட்டு வைத்திருந்தார்கள். குழிக்குக் குறுக்கே பனஞ்சட்டங்களைப் போட்டு, அதன்மேல் லேத்தை முதலில் அக்கரைக்குக் கடத்த வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். தலைப் பாகம் சரியாகக் குழிக்கு மேலே வந்தபோது உச்சி வெயில் ஆகிவிட்டது. எல்லோருக்கும் கை ஓய்ந்துவிட்டது. கட்டைகளுக்கு ஆப்பு வைத்துவிட்டு, "சாப்ட்டு வந்து இழுப்பம்" என்றேன். சட்டம் தாங்கும் என்றுதான் நினைத்தேன்.

சாப்பிட்டு வந்தோம். சவரிமுத்துவைக் காணோம், வீட்டுக்குள் இருப்பார் என்று விட்டுவிட்டோம். ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டு ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்கள். நான் என் இடத்துக்குப் போய், எப்போதும் செய்கிறபடி தொண்டை நனைக்கச் செம்பைத் தூக்கி வாய் நிறையத் தண்ணீர் வாங்கினேன். இன்னும் விழுங்கவில்லை, கன்னம் இரண்டும் உப்பியிருக்கிறது. கேட்கிறீர்களா? வாயில் தண்ணீர்.

அப்போது குரல் வந்தது.

"இழுங்கடா இப்பவே!"

பாட்டு இல்லை, வரி இல்லை, எடுத்த எடுப்பில் இழு என்கிற குரல். அது என் குரல். லேத்தின் அந்தப் பக்கத்திலிருந்து, ஆளே இல்லாத சுவரோரத்திலிருந்து, என் தொண்டைக் கரகரப்போடு வந்தது. கயிறு பிடித்தவர்கள் யோசிப்பார்களா? "ஐலசா!" என்று ஒரே இழு. அத்தனை பாரமும் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி முன்னால் வந்தது, தலைப் பாகம் குழியைத் தாண்டிக் கெட்டித் தரையில் ஏறியது. அதே நேரம் பின்னால் படார் என்று சத்தம். பனஞ்சட்டம் இரண்டாக முறிந்து குழிக்குள் தொங்கியது. லேத்தின் இலேசான வால் பாகம் சரிந்து குழியின் பின்பக்க விளிம்பில் இடித்து நின்றுகொண்டது.

தூசி அடங்குவதற்குள் குழிக்குள் இருந்து இருமல் சத்தம். பார்த்தால், சவரிமுத்து! நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில், போல்ட்டு நேராகச் சேருமா என்று பார்க்க ஆசை தாங்காமல் உள்ளே இறங்கியிருக்கிறார். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலேதான் சற்று முன்பு தலைப் பாகம் இருந்தது. இழுக்காமல் இருந்திருந்தால் அவரை அள்ளி எடுக்கக்கூட முடிந்திருக்காது.

ஆரோக்கியம் ஓடி வந்து அவரை அடித்தார், கட்டிப்பிடித்தார், மறுபடியும் அடித்தார். சங்கிலி என்னைத் தூக்கிக்கொண்டு, "எப்பிடிப்பா கண்டுபிடிச்ச? கூப்பிட்ட பாரு ஒரு கூப்பாடு!" என்றான். அப்போதுதான் என் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பினேன். "நான் கூப்பிடலடா" என்றேன். "போதும்யா அடக்கம்" என்று முதுகில் ஒன்று வைத்தான். அத்தனை பேரும் என் குரல்தான் என்றார்கள். அதில் பொய் இல்லை, நானும்தானே கேட்டேன். மறுநாளே அந்த ஊரை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

பல வருஷம் கழித்து, கீரனூர்ப் பக்கம் ஒரு வேலைக்குப் போகிற வழியில் திண்டுக்கல்லில் இறங்கினேன். கால் தானாக அந்தப் பட்டறைக்குப் போனது. லேத்து ஓடிக்கொண்டிருந்தது! கரும்பாலை உருளை ஒன்றை மாட்டியிருந்தார்கள், இரும்புச் சுருள் பூவாய்க் கொட்டியது. பழநியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலை தேடி வருகிறது என்று சவரிமுத்து குழந்தை மாதிரி குதித்தார். ஆரோக்கியம் இலை போட்டு, பொரியல் சட்டியை நீட்டி, "வெஞ்சனம் வச்சுக்கங்க தம்பி, என் சக்களத்தி சம்பாதிச்ச சோறு" என்று சிரித்தார்.

சாப்பிடும்போது சவரிமுத்து மெதுவாகச் சொன்னார்.

"மாயாண்டி, நீ எப்பவும் என்னைய மொதலாளின்னுதான் கூப்பிடுவ. அன்னைக்குக் குழிக்குள்ள இருந்தப்ப மட்டும், பெத்த அப்பனைக் கூப்பிடுற மாதிரி அப்புன்னு கூப்பிட்டியேப்பா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல."

"எப்ப மொதலாளி?"

"இழுங்கடான்னு கத்துனதுக்கு முன்னாடி. எங்காதுக்கிட்டக்க வந்து மெல்லச் சொன்னியே. உன் மூச்சு வெதுவெதுன்னு பிடரில பட்டுச்சு. நீ எப்படா கீழ எறங்குனேன்னு திரும்பிப் பாத்தேன், ஆளக் காணோம்."

 என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"தலையக் குனிஞ்சுக்க அப்பு, நான் நகந்துக்கிறேன்னு சொன்ன."

பட்டறையில் லேத்தின் பெல்ட் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தேன். இன்றைக்கும் செத்த நேரம் கண்ணை மூடினால் போதும், நான் ஒருநாளும் சொல்லாத அந்த வார்த்தை என் குரலிலேயே காதுக்குள் கேட்கிறது.