தளியில் பாதியில் நின்ற என் பேச்சு

எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். தங்கியிருந்தது கம்பெனி ஹாஸ்டலில். அம்மாவைப் பார்ப்பது பொங்கலுக்குப் பொங்கல்தான்.

ஒரு நாள், வேலைக்கு ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டார். "தளி பக்கம் பொண்ணுங்களை வேலைக்கு எடுக்கப் போறோம். அனுப்பறதுக்கு வீட்ல பயப்படறாங்க. நீ வந்து தைரியம் சொல்லும்மா" என்றார். பள்ளியில் பேச்சுப்போட்டிப் பரிசுகள் வாங்கியவள் நான். உடனே ஒப்புக்கொண்டு, ஒரு பேச்சை மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். முக்கால்வாசிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள்; தமிழும் நன்றாகப் புரியும். பெண்கள் சொந்தக் காலில் நிற்பதைப் பற்றி வெளுத்துக்கட்டினேன். நல்ல கைதட்டல்.

அப்போது, முட்டைக்கோஸ் தோட்டத்திலிருந்து நேராக வந்தவர்போல் முந்தானையை இடுப்பில் செருகியிருந்த ஓர் அம்மா எழுந்தார். பக்கத்தில் அவர் மகள்.

"எல்லாம் நல்லாத்தான் சொன்னே. அங்க ஜுரம் வந்து படுத்தா உன்னை யாரு பாத்துக்கறாங்க?"

"கம்பெனில டாக்டர் இருக்காரும்மா."

"டாக்டரு இருக்கட்டும். அம்மா ஞாபகம் வந்தா?"

மனப்பாடம் செய்ததில் அதற்குப் பதில் இல்லை. "போன மாசம் காய்ச்சல்ல அம்மான்னு கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டில் பிள்ளைதான் எந்திரிச்சு வந்தா. விடிய விடிய நெத்தியில துணி நனைச்சுப் போட்டா. நல்ல பிள்ளை. ஆனா அம்மா இல்லைல்லா..." அதற்குமேல் பேச முடியாமல் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. அந்த அம்மாவின் மகள், கைக்கு வந்ததைத் தட்டிவிட்டாயே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். திரும்பும் வழியெல்லாம் ஆபீசர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். என் வேலையும் போயிற்று என்றே நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து ஹாஸ்டல் வாசலில் அந்த அம்மா, மகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் நின்றார்.

"அன்னிக்கு நீ அழுவலைன்னா இவளை அனுப்பியே இருக்க மாட்டேன். நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னே சொல்றவங்களை நம்பி எப்படி உடறது? இவ உன் பக்கத்துலயே படுக்கட்டும்" என்றார்.

அதன்பிறகு தளி பஸ்ஸில் அவர் வந்த ஞாயிறுகளில் எங்கள் இருவருக்கும் ராகிக்களியும் அவரைக்காய்க் குழம்பும் வரும். மகளுக்குத் தலை வாரி முடித்ததும், "வா, நீயும் உக்காரு" என்பார். அவர் சீப்பு தலையில் படும்போது என் அம்மா ஞாபகம் குறையாது; கூடத்தான் செய்யும். ஆனாலும் எழுந்து போக மனம் வராது.

கல்யாணமாகி வேறு ஊர் வந்த பிறகு அவரைப் பார்க்கவேயில்லை. யாருக்குத் தைரியம் சொன்னாலும் இப்போது என் பயத்தையும் சேர்த்தே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், தலை வார ஒரு கை வராதா என்று மனம் ஏங்கும்போது, அது என் அம்மாவின் கையா அந்தத் தளி அம்மாவின் கையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை.